16 கிலோ எப்போது 48 கிலோ ஆகும்?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். 16 கிலோ இரும்புக் குண்டு ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் கை எத்தனை கிலோவைத் தாங்க வேண்டும்?

“இதென்ன கேள்வி, 16 கிலோவைத்தான்” என்பீர்கள். குண்டு அசையாமல் தொங்கும் வரை உங்கள் விடை சரியே. அதே குண்டை முன்னும் பின்னும் வீசத் தொடங்கினால் ஒரு கணம் அது 48 கிலோவாகிவிடும். கையாளத் தெரியாதவர் கையில் 80 கிலோவாகவும் ஆகும். இதில் மாயமில்லை, மந்திரமில்லை. நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை இப்போது எழுதக் காரணம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கு அருகே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும் அங்கே உண்டு. அந்த ஆலைகளிலோ அவற்றைச் சுற்றியுள்ள பட்டறைகளிலோ உங்கள் அண்ணன் ஒருவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் தண்டால், பஸ்கி எடுப்பார். டம்ப்பெல் தூக்கிப் பழகியவர். ஒருநாள் ‘கெட்டில்பெல்’ என்ற புதிய கருவி ஒன்றை வீட்டுக்கு வாங்கி வருகிறார். “நான்தான் 20 கிலோ டம்ப்பெல் தூக்குகிறேனே, இது என்ன பிரமாதம்?” என்று 24 கிலோவையே வாங்கிவிடுகிறார். பழக்கமில்லாதவன் பயந்து பயந்து தொடுவான். ஏற்கெனவே உடற்பயிற்சி செய்து பழகியவர்தான் இதில் எளிதாக ஏமாறுகிறார். அவருடைய கை வலிமை உண்மையானது. அதைக் கொண்டு அவர் போடும் கணக்குத்தான் தவறு. முதுகு பிடித்துக்கொண்டால் அவருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

கெட்டில்பெல் பார்ப்பதற்கு மூக்கில்லாத தேநீர்க் கெண்டிபோல் இருக்கும். வார்ப்பிரும்பாலான குண்டு, அதன் தலையில் தடித்த வளைந்த கைப்பிடி. வார்ப்பிரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.2 கிராம். அப்படியானால் 16 கிலோவுக்கு 2,222 கன செ.மீ. தேவை. கோளத்தின் கன அளவு சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்; விட்டம் சுமார் 16 செ.மீ. வரும். பந்தாட்டத்துக்கான கால்பந்தை விடவும் சிறிய உருண்டைதான்.

இதன் பிறந்த வீடு ரஷ்யா. அங்கே இதன் பெயர் ‘கீர்யா’. ‘பூட்’ என்பது பழைய ரஷ்ய நிறுத்தல் அளவை. ஒரு பூட் 16.38 கிலோ. சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கற்களைத் தூக்கியும் வீசியும் பலம் பார்த்ததிலிருந்தே இந்தப் பயிற்சி வந்தது என்பார்கள். இன்றைக்கும் 16, 24, 32 கிலோ என்று இக்குண்டுகள் விற்கப்படுவது ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்ற பழைய கணக்கின் எச்சம்தான். 1885-ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் கிரயேவ்ஸ்கி என்ற மருத்துவர் பளு தூக்குவோருக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னரே பளுப் பயிற்சி ரஷ்யாவில் முறைப்படி வளர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்குப் பங்காளிகள் உண்டு. தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கிறது. அது வழவழப்பான உருண்டைக்கல், கைப்பிடி கிடையாது. வட இந்திய மல்யுத்தக் கூடங்களில் ‘நால்’ என்ற கைப்பிடி வைத்த கல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நம்முடைய கர்லாக்கட்டை! இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் கண்டு பழகிய கட்டை சுழற்றும் பயிற்சி 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. 1904, 1932 ஒலிம்பிக் பந்தயங்களில் அது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. உருவத்தில் கெட்டில்பெல்லுக்கும் கர்லாவுக்கும் ஒற்றுமை இல்லை. இயற்பியல் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். எப்படி என்று பார்ப்போம்.

கைக்கு வெளியே இருக்கும் மையம்

டம்ப்பெல்லைக் கையில் பிடியுங்கள். இரண்டு பக்கமும் சம எடை. அதன் ஈர்ப்பு மையம் சரியாக உங்கள் உள்ளங்கைக்குள் இருக்கிறது. ஆகவே அது கீழே இழுக்கும், மணிக்கட்டைத் திருப்பாது. கெட்டில்பெல்லில் ஈர்ப்பு மையம் குண்டுக்குள் இருக்கிறது. கை பிடித்திருப்பதோ கைப்பிடியை. இரண்டுக்கும் இடையே சுமார் 15 செ.மீ. என்று கொள்வோம். கைப்பிடியைப் பிடித்துக் குண்டைக் கிடைமட்டமாக நீட்டினால் மணிக்கட்டில் ஒரு திருப்புத்திறன் விழுகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் திருப்புத்திறன் என்பது உங்களுக்குத் தெரியும். 16 × 9.8 × 0.15 என்று பெருக்கினால் ஏறக்குறைய 23.5 நியூட்டன் மீட்டர்.

இந்த எண்ணை எப்படி உணர்வது? பட்டறையில் 30 செ.மீ. நீள ஸ்பேனர் ஒன்றை நட்டில் மாட்டி, அதன் முனையில் 8 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். நட்டின் மீது விழும் திருப்புதல் அதே அளவுதான். இங்கே நட்டு உங்கள் மணிக்கட்டு. டம்ப்பெல் இத்தனை நாள் உங்கள் அண்ணனுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

கர்லாவில் கட்டையின் பருத்த பகுதி கையிலிருந்து தள்ளி இருக்கிறது. ஈர்ப்பு மையம் 45 செ.மீ. தூரத்தில் என்று வைத்தால், ஐந்தேகால் கிலோ கர்லாவே 16 கிலோ கெட்டில்பெல் அளவுக்கு மணிக்கட்டைத் திருப்பும். எடையைக் கூட்டாமல் தூரத்தைக் கூட்டியே வேலையை முடித்திருக்கிறார்கள் நம் முன்னோர். கர்லா சுற்றியவர்கள் ஏன் மெல்லிய கட்டையில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் படிப்படியாக ஏறினார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஊசலாகும் மனிதர்

கெட்டில்பெல் பயிற்சிகளில் முதன்மையானது வீச்சு. கால்களை அகட்டி நின்று, இரு கைகளாலும் குண்டைப் பிடித்து, தொடைகளுக்கு நடுவே பின்னால் போகவிட்டு, இடுப்பை நிமிர்த்தும் வேகத்தில் மார்பு உயரத்துக்கு முன்னால் எழச் செய்வது. கைகள் கயிறுபோல் நீண்டிருக்கும். அதாவது கைதான் ஊசலின் நூல். குண்டுதான் ஊசல் குண்டு.

இனிமேல்தான் கதையின் முக்கியப் பகுதி. கைகள் தோள் மட்டத்தில் கிடைமட்டமாக இருக்கும்போது குண்டு ஒரு கணம் நிற்கிறது. பிறகு வட்டப் பாதையில் விழுகிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. வட்டத்தின் ஆரம் r என்றால், அடிப்புள்ளிக்கு வரும்போது வேகத்தின் வர்க்கம் 2gr. வட்டத்தில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு விசை வேண்டும்; அது நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். கணக்குப் போடுங்கள். ஆரம் அடிபட்டுப் போகிறது! மிஞ்சுவது 2mg, அதாவது குண்டின் எடையைப் போல் இருமடங்கு. இதனுடன் குண்டின் சொந்த எடையையும் கை தாங்க வேண்டும் அல்லவா? ஆக மொத்தம் மூன்று மடங்கு. 16 கிலோ 48 கிலோ ஆயிற்று. உங்கள் அண்ணன் வாங்கிய 24 கிலோ 72 கிலோ ஆயிற்று.

(கிலோகிராம் என்பது நிறை, எடையை நியூட்டனில் சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் கோபிப்பார். நானும் என் வகுப்பில் கோபிப்பவன்தான். தேர்வில் நியூட்டன் என்றே எழுதுங்கள்.)

ஆரம் அடிபட்டுப் போனதைக் கவனியுங்கள். நெட்டையான ஆளுக்கும் குட்டையான ஆளுக்கும் அதே மூன்று மடங்குதான். மாறக்கூடியது வீச்சின் உயரம் ஒன்றே. செங்குத்திலிருந்து 60 பாகை வரை மட்டும் வீசினால் அடிப்புள்ளியில் இருமடங்குதான் வரும். தலைக்கு நேர் மேலே தூக்கிய குண்டை, நீட்டிய கையோடு அப்படியே வட்டமாக விழவிட்டால் ஐந்து மடங்கு! தொடக்கத்தில் சொன்ன 80 கிலோ இதுதான். பழகியவர்கள் குண்டைத் தலைக்கு மேலிருந்து இறக்கும்போது முழங்கையை மடக்கி, உடம்பை ஒட்டியே வழுக்கி விடுவதன் இரகசியமும் இதுவே.

நம்பிக்கை இல்லையென்றால் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கலாம். வில்தராசு ஒன்றை ஆணியில் மாட்டுங்கள். அதன் கொக்கியில் ஒரு மீட்டர் நூலால் 200 கிராம் எடைக்கல்லைக் கட்டுங்கள். நூல் தொய்யாமல் கல்லைக் கிடைமட்டத்துக்கு உயர்த்தி விட்டுவிடுங்கள். கல் அடிப்புள்ளியைக் கடக்கும் நொடியில் ஒரு நண்பர் முள்ளைப் பார்க்கட்டும். 600 கிராமை நோக்கி முள் தாவும். வில்லின் நடுக்கத்தால் சற்று முன்பின் இருக்கும். 200-இல் மட்டும் நிற்காது. கல் அறுந்து வந்தால் யார் மேலும் படாத இடத்தில் இதைச் செய்யுங்கள்.

ஆலைகளில் பாரந்தூக்கி இயக்குபவர்களுக்கு இது தெரிந்த சேதி. கம்பிக் கட்டு ஊசலாடத் தொடங்கினால் அவர் அவசரப்பட மாட்டார். ஆட்டம் அடங்கக் காத்திருப்பார். ஊசலாடும் சுமை சங்கிலியை அதன் எடைக்கு மேலும் இழுக்கும். அண்ணன் அந்தப் பாரந்தூக்கியின் கீழே தினமும் நடக்கிறவர்தான். சங்கிலிக்குப் பார்க்கும் கணக்கைத் தன் முதுகுக்கும் பார்க்க வேண்டாமா?

முதுகின் கணக்கு

கையில் பிடித்த விசை கையோடு நிற்பதில்லை. அடிமுதுகு வரை செல்கிறது. நம் முதுகு ஒரு நெம்புகோல். ஆதாரப்புள்ளி அடிமுதுகு எலும்பு. பாரம் அதற்கு முன்னால் தொங்குகிறது. அதைச் சமன் செய்யும் தசைகளோ எலும்புக்குப் பின்னால் ஏறக்குறைய 5 செ.மீ. தூரத்திலேயே இருக்கின்றன. 16 கிலோ குண்டு 60 செ.மீ. முன்னால் அசையாமல் இருந்தாலே, தசை 16 × 60 ÷ 5, அதாவது 192 கிலோ அளவு இழுக்க வேண்டும். இத்தனையும் எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டுகளின் மேல்தான் அழுந்துகிறது. உடம்பின் மேற்பகுதியின் எடை வேறு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 16 கிலோ வீச்சின்போது அடிமுதுகில் சுமார் 3,200 நியூட்டன் அழுத்தம் ஏற்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 325 கிலோ எடைக்குச் சமம்! அஞ்ச வேண்டாம், நேராக இருக்கும் ஆரோக்கியமான முதுகு இதைத் தாங்கும். அந்த ஆய்வில் இன்னொரு செய்திதான் சுவையானது. எலும்பின் மேல் எலும்பை முன்பின்னாக நழுவச் செய்யும் விசை, சாதாரணமாகப் பளு தூக்கும்போது இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் இருந்ததாம். இந்தப் பயிற்சியால் முதுகுவலி தீர்ந்தது என்று சிலர் சொல்வதற்கும், வேறு சிலருக்கு இதனால் வலி வருவதற்கும் அது காரணமாகலாம் என்கிறார்கள். பளு தூக்கிப் பழகிய முதுகும் இந்த விசைக்குப் புதிய முதுகுதான்.

இதிலிருந்து வீசும் முறை தானாகவே கிடைக்கிறது. முதுகை வளைத்துக் குனியக்கூடாது. முதுகு பலகைபோல் நேராக இருக்க, இடுப்பு மூட்டில் மடங்க வேண்டும். சுவரைப் பிட்டத்தால் தொடப்போவதுபோல் இடுப்பு பின்னால் செல்ல வேண்டும். முழங்கால் சற்றே மடங்கினால் போதும். பஸ்கி போடுவதுபோல் கீழே உட்கார்ந்து எழுவது இங்கே ஆகாது. பஸ்கியில் ஊறியவர்கள் முதல் வாரம் முழுவதும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்கள். குண்டு அவர்கள் சொல்லைக் கேட்காது.

குண்டு பின்னால் போகும்போது முழங்காலுக்கு மேலே, தொடைகளின் உச்சியை ஒட்டிச் செல்லட்டும். முழங்காலுக்குக் கீழே தாழ்ந்தால், மூன்று மடங்கு எடை வரும் அதே கணத்தில் பாரத்துக்கும் இடுப்புக்கும் உள்ள தூரமும் கூடிவிடுகிறது. விசையும் கூடி, தூரமும் கூடினால் பெருக்கல் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: குண்டை மேலே எழுப்புவது இடுப்பின் உந்தல். கையால் தூக்க முயன்றால் தோள்தான் நோகும்.

அவசரமும் வேண்டாம். 80 செ.மீ. நீள ஊசலை 90 பாகைக்கு விலக்கி விட்டால், போய்த் திரும்ப ஏறக்குறைய 2 விநாடி ஆகும். குண்டின் எடை என்னவாயினும் அதே நேரம்தான். அந்தத் தாளத்தோடு சேர்ந்து வீசுபவருக்கு வேலை இலகு.

ஒற்றைக் கையால் குண்டைத் தோளுக்குக் கொண்டுவரும் பயிற்சியில் புதியவர்களின் முன்கை கன்றிப்போகும். குண்டு கைப்பிடியைச் சுற்றிப் புரண்டு வந்து முன்கையில் ‘பட்’டென்று மோதுவதால் வரும் வினை அது. குண்டு கையைச் சுற்றி வருவதற்குப் பதில், கை குண்டைச் சுற்றிப் போகட்டும். குண்டு உடம்பை ஒட்டிச் செங்குத்தாக எழும்போது கையை அதன் அடியில் நுழைத்து விட்டால் மோதலே இல்லை. இது எழுத்தில் படித்து வரக்கூடியதல்ல. அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

வீடு, தரை, கைப்பிடி

இந்தப் பயிற்சியை வீட்டில் செய்ய இரண்டு மீட்டர் இடம் போதும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. குண்டு கையில் இருக்கும் வரை சரி. மார்பு உயர வீச்சில் பாதி எழும்போது, 45 பாகையில், வியர்த்த கையிலிருந்து குண்டு நழுவினால்? அப்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் மூன்றரை மீட்டர். எறிபொருள் சமன்பாட்டில் போட்டால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி விழும், பிறகு உருளும். ஒற்றையறை வீட்டில் அந்த இரண்டரை மீட்டருக்குள் தொலைக்காட்சி இருக்கலாம், தூளியில் குழந்தையும் இருக்கலாம். ஆகவே வாசலிலோ மொட்டைமாடியிலோ, எதிரே ஆளில்லாத திசை பார்த்து வீசுவதே முறை.

நழுவுவதைத் தடுக்கக் கரும்பலகைச் சாக்கட்டியைப் பொடித்துப் பூசிக்கொள்வோர் உண்டு. பளு தூக்குவோர் பூசும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். நம் சாக்கட்டி பெரும்பாலும் ஜிப்சம். பழவேற்காட்டு ஏரிக் காற்று வீசும் ஈரப்பதத்தில், அடிக்கடி கையைத் துடைக்க ஒரு துண்டு வைத்திருப்பது மேல். அந்த உப்புக்காற்றில் வண்ணம் உரிந்த வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தரையைப் பற்றியும் ஒரு கணக்கு. 16 கிலோ அரை மீட்டரிலிருந்து விழுந்தால் ஆற்றல் 78 ஜூல். ஓடு பதித்த தரை அதை ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 78,000 நியூட்டன். இரண்டு செ.மீ. அழுந்தும் ரப்பர் மேல் விழுந்தால் அது 3,900. மணல் அடைத்த கோணிப்பை ஒன்று போதும், தரையும் தப்பும், குண்டும் தப்பும். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்திருக்கிறது. அது கடினமானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. கம்பிபோல் வளையாது.

வாங்கும்போது கைப்பிடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் உருகிய இரும்பு கசிந்து உறைந்து மெல்லிய பிசிறு நிற்கும். தேய்க்காமல் விட்ட பிசிறு ஐம்பது வீச்சில் உள்ளங்கையைக் கிழித்துவிடும். அரம் கொண்டு தேய்த்து எடுக்கலாம்.

தொழிற்பேட்டை ஊர் என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “காசு எதற்கு, ஒரு துண்டுக் கம்பியை வளைத்து இரும்புக் குண்டில் வெல்டிங் வைத்துத் தருகிறேன்” என்று யாராவது அன்போடு சொல்லக்கூடும். அந்தப் பற்று 16 கிலோவைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது தாங்கியிருக்கும். ஒவ்வொரு வீச்சிலும் மூன்று மடங்கு இழுவிசை. நாளைக்கு 50 வீச்சு, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 15,000 தடவை. ஒருமுறை தாங்கும் உலோகம் ஆயிரம் முறை இழுபட்டுக் களைத்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளர்ந்து, ஒருநாள் அறுந்துபோகும். பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். அப்படிச் செய்த குண்டைத் தரையிலிருந்து தூக்கி வைக்கப் பயன்படுத்தலாம், வீசக்கூடாது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேனை வீசிப் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அண்ணனுக்கு என்ன சொல்வது? 24 கிலோவை மூலையில் வைத்துவிட்டு 16 கிலோவில் தொடங்கச் சொல்லுங்கள். அக்காவானால் 8 கிலோ. முதல் வாரம் வீச்சே வேண்டாம். குண்டை இரு பாதங்களுக்கு நடுவே வைத்து, இடுப்பில் மடங்கி எடுத்து நிமிர்வது மட்டும் போதும். பிறகு இடுப்பு உயரம் வரை சிறு வீச்சு, பத்துப் பத்தாக; நடுவில் மூச்சு அடங்கும் வரை ஓய்வு. மார்பு உயரம் அதற்குப் பின். தலைக்கு மேல் என்பது மாதங்கள் கழித்து. இரவுப்பணி முடிந்து வந்த உடனே வேண்டவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் முதலில் வளைவது முதுகுதான். முன்பே முதுகுவலி உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. உங்களுக்கோ, எலும்பு வளரும் வயது. உடற்கல்வி ஆசிரியர் முன்னிலையில் 4 அல்லது 6 கிலோவில் முறையைப் பழகலாம், எடையில் போட்டி போட வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் நண்பர் வீட்டிலோ பழைய கர்லாக்கட்டை ஒன்று கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். கட்டையைக் குறுக்காக ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எந்த இடத்தில் கட்டினால் சாயாமல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கைபிடிக்கும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளங்கள். எடையை அந்தத் தூரத்தால் பெருக்கி, 15-ஆல் வகுங்கள். தாத்தா சுற்றியது எத்தனை கிலோ கெட்டில்பெல் என்று தெரிந்துவிடும். விடையை அண்ணனிடமும் காட்டுங்கள்.